கப்பல் சொன்ன நாளில் வந்தது

எழுபதுகளில் போர்ட் பிளேர் கல்லூரியில் எந்த மோட்டார் நின்றாலும் "நாயகம் அண்ணனக் கூப்பிடு" என்பார்கள். அந்தக் கல்லூரி மெக்கானிக் வேலை வேதநாயகத்துக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை.

தூத்துக்குடியில் படகு இஞ்சின் பழுது பார்த்தவர் அவர். இங்கே வந்து ஒரு பட்டறையில் தினக்கூலியாகச் சேர்ந்தார். கல்யாணமாகியும் மனைவி ரோசலின் ஊரிலேயே கிடந்தாள். பக்கா நௌக்ரி, அதாவது நிரந்தர வேலை, இருந்தால்தானே குவார்ட்டர்ஸ்! பல்கலைக்கழகங்கள் ஆய்வக மெக்கானிக் வேலைக்கு மெட்ராஸ் பேப்பரில் விளம்பரம் போடும். அந்தப் பேப்பர் கப்பலேறி வந்து சேர்வதற்குள் கடைசித் தேதி தாண்டியிருக்கும். மனுஷன் எத்தனை தடவைதான் ஏமாறுவார்?

கடைசியில் போர்ட் பிளேருக்குப் புதிதாக வந்த கல்லூரியே ஆள் கேட்டது. அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை இன்டர்வியூ, அங்குள்ள ஜெனரேட்டரைப் பிரித்து மாட்டி ஓட்டிக் காட்ட வேண்டும் என்று அவர் ஊருக்கு எழுதியதுதான் தாமதம், ரோசலின் கப்பலேறிவிட்டாள். கப்பலும் அதே புதன்கிழமைதான் என்று தந்தி வந்தது. அவர் இருந்ததோ போர்ட் பிளேரின் டாலிகஞ்ச் பகுதியில் ஆறு ஆம்பளைகள் படுக்கிற கொட்டகை. வேலை கிடைக்காவிட்டால் வந்த கப்பலிலேயே அவளைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

"நான் வேணா ஜெட்டிக்குப் போயி, கப்பல்ல வாறவங்களக் கூட்டியாரட்டுமா?" என்று கேட்டார் கொட்டகைக் கூட்டாளி ஜெகநாதன்.

"கப்பல் என்னைக்குப்பா சொன்ன நாளுல வந்திருக்கு? வெள்ளிக்கிழமைக்கு முன்னால தலை காட்டாது. நீ உன் சோலியப் பாரு."

தீவில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

புதன்கிழமை ஜெனரேட்டரை அக்கக்காகப் பிரித்துப் போட்டிருந்த நேரத்தில் கப்பல் சங்கு ஊதியது.

"அரே, ஜஹாஸ் ஆ கயா!" என்று குமாஸ்தா ஜன்னலுக்கு ஓடினார்.

வேதநாயகத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுந்து போனால் வேலை போச்சு. போகாவிட்டால் இந்தியில் ஒரு வார்த்தை தெரியாதவள் ஜெட்டியில் தனியாக நிற்பாள். நாசமாய்ப்போகிற கப்பல், இன்றைக்குத்தானா ஒழுங்காக வரவேண்டும்! பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார். இஞ்சின் பிடித்துக்கொண்டது. "திங்கட்கிழமை வந்து சேர்ந்துடுங்க" என்று பிரின்சிபால் பாலசுப்பிரமணியம் சொன்னதுதான், பின்வாசல் வழியாக ஒரே ஓட்டம்.

ஜெட்டி காலி. கொட்டகைக்கு ஓடினார், அங்கேயும் இல்லை. அழுகை வந்துவிட்டது. இந்த வேலையை வைத்துக்கொண்டு யாருக்குச் சம்பாதித்துப் போட? வேறு போக்கிடம் தெரியாமல் கல்லூரிக்கே திரும்பினார்.

முன்வாசலில் டிரங்குப் பெட்டிமேல் கருவாட்டு மூட்டையும் கையுமாக உட்கார்ந்திருந்தாள் ரோசலின்.

"நீ... நீ எப்படி இங்க?"

"காலேஜு, காலேஜுன்னேன். ஒரு கூலிக்காரரு கொண்டாந்து விட்டாரு."

"உள்ள வந்திருக்கலாம்லா? ஊரெல்லாம் தேடிட்டு வாரேன்!"

"வாசலுக்கு வரவும் இஞ்சின் சத்தம் கேட்டுச்சு. வேல கெடச்சிட்டுன்னு தெரிஞ்சு போச்சு. இனும எங்க போயிருவீய, இங்கதான வரணும்னு உக்காந்துட்டேன்."