கைனகரிக்கு வந்த ஒரு மூட்டைக் கல்

குட்டநாட்டில் தோண்டினால் சேறு வரும், தண்ணீர் வரும், சில நேரம் மீன்கூட வரும். கல் மட்டும் வராது. கட்டப்பனை மலையிலிருந்து கைனகரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ரோசிலிக்கு இதைப் பெண் பார்க்க வந்தபோது யாரும் சொல்லவில்லை.

கூடவே ஐந்து கோழிகளைக் கொண்டுவந்திருந்தாள். ஒரே மாதத்தில் ஐந்தும் சோர்ந்தன. அவள் உயிரையே வைத்திருந்த புள்ளிக்காரி, நெல்லால் புடைத்த இரைப்பையோடு, பந்தை விழுங்கியவள்போலக் கூட்டுக்குள் உட்கார்ந்துவிட்டாள். மாமனார் அவுசேப்பு எட்டிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுக்கிறேன் மகளே. அதுக்கு மேல புள்ளிக்காரிக்கும் மிளகுக்கும் நடுவுல நான் நிக்க மாட்டேன்."

மலையில் கோழிகள் தாமாகவே மண்ணைக் கிளறிப் பொடிக்கல் பொறுக்கிக்கொள்ளும். பல் இல்லாத பிறவிக்கு வயிற்றில் கிடக்கும் அந்தக் கல்தானே அம்மி? அம்மியைப் பிடுங்கிக்கொண்டு அரைக்கச் சொன்னால் அது என்ன செய்யும்? ரோசிலி அண்ணனுக்குப் போன் போட்டு, ஒரு மூட்டை பொடிக்கல் அனுப்பச் சொன்னாள். அங்கே சோறு போடுகிறார்களா இல்லையா என்று அண்ணன் விசாரித்தான்.

வெள்ளிக்கிழமை மூட்டை படகில் வந்தபோது ரோசிலி தேவாலயத்தில் இருந்தாள். அவுசேப்பு வீட்டில் இருந்தார். மழைக்கு மழை கரைந்துபோகும் படகுத்துறையைக் கட்டிக் காப்பதிலேயே பாதி ஆயுளைக் கழித்த மனிதர். கல்லைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. சம்பந்தி வீட்டாரின் பெருந்தன்மையைப் படகுக்காரரிடம் மெச்சிக்கொண்டே, ஒரு பொடி மிச்சமில்லாமல் துறைச் சேற்றில் கொட்டி, ஏறி நின்று மிதித்துக் கெட்டித்துவிட்டார்.

திரும்பி வந்த ரோசிலி, படகிலிருந்து இறங்கிக் கால் வைத்ததே கட்டப்பனையின் மேல்தான். பாதத்துக்கு உடனே அடையாளம் தெரிந்தது.

"கால் நல்லா ஊணுது அப்பச்சா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்க் கோழிக்கூட்டைத் திறந்தாள்.

நான்கு கோழிகள் துறைக்குப் பறந்தன. புள்ளிக்காரிக்கு எண்ணெய் புகட்டி, இரைப்பையை நீவி, தூக்கிவந்து கல்மேல் விட்டாள். அவுசேப்பு துண்டை வீசி ஒன்றை விரட்டினால் மற்றவை அவர் முதுகுக்குப் பின்னால் கிளறின. அக்கரையில் துணி துவைத்தவள் கையை நிறுத்தினாள்.

"சேட்டா, உங்க துறையக் கோழி தின்னுது பாருங்க."

சனிக்கிழமை மாலை புடைப்பு தணிந்தது. ஞாயிறு விடியும்போது புள்ளிக்காரி கூட்டை விட்டு இறங்கி, நேராக அவுசேப்பின் காலடியில் நின்று கொக்கரித்தாள். அன்று மதியம் வெறும் மீன்குழம்புதான்.

அடுத்த வாரம் சங்கனாச்சேரி போய்வந்த அவுசேப்பின் வேட்டி மடி கனத்துத் தொங்கியது. ஒரு கை பொடிக்கல்லை எடுத்து மருமகளிடம் நீட்டினார். மீதியை மடியிலேயே இறுக்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"இது துறைக்கு. அதுங்க காதுல விழாம பாத்துக்க."