தொட்டியில் தண்ணீர் ஊற்றியது யார்?

இரண்டாவது உலக யுத்தம் வருவதற்கு முந்திய கோடையில், குமாரபாளையத்தில் எங்கள் வீட்டிலேயே நடந்தது இது. ராமேசுவரம் போய் வருகிறவர்கள் மணலும் தீர்த்தமும் கொண்டுவருவார்கள். நான் மூன்று கடல் மீன்களைக் கொண்டுவந்தேன். கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவர் கொடுத்தவை. விரல் நீளம், உடம்பில் கறுப்புக் கோடு. சுவாமியின் சந்நிதிக் கடலில் பிறந்த ஜீவன்கள் என் வீட்டில் வளரட்டுமே என்று ஓர் ஆசை. ஒரு பீங்கான் ஜாடியில் மீன், இரண்டில் கடல் தண்ணீர். ரயிலில் வழிநெடுகத் தண்ணீரைத் தம்ளரால் மொண்டு மொண்டு ஊற்றிக் காற்றுப் பட வைத்தேன். மூன்றும் பிழைத்து வந்தன.

சேலத்தில் துரை ஒருவர் சீமைக்குப் புறப்பட்டபோது ஏலத்தில் எடுத்த கண்ணாடித் தொட்டி வீட்டில் சும்மா கிடந்தது. அதில் மணலைப் பரப்பித் தண்ணீரை விட்டுக் கூடத்தில் வைத்தேன். தண்ணீர் மட்டத்துக்கு நேராகக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் மஞ்சளால் ஒரு கோடு இழுத்தேன். வெயிலில் தினமும் வற்றும். விளக்கு வைக்கும் நேரத்தில் கடல் தண்ணீரை ஊற்றிக் கோட்டுக்குக் கொண்டுவருவேன். அது தீர்ந்ததும் கிணற்றுத் தண்ணீரில் கல்லுப்பைக் கரைத்து ஊற்றினேன்.

சில நாள் கழித்துப் பார்த்தால், நான் ஊற்றப் போவதற்குள் தண்ணீர் கோட்டில் நிற்கிறது. யாரோ ஊற்றுகிறார்கள்!

சந்தேகம் நேரே தம்பி மனைவிமேல் விழுந்தது. அந்தத் தை மாதம்தான் பாகம் பிரித்திருந்தோம். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. இரண்டு பக்கமும் பேச்சு வார்த்தை நின்றிருந்தது. அதிலும் எங்கள் வழக்கத்தில் தம்பி மனைவி மூத்தவன் எதிரில் நின்று பேச மாட்டாள். என்னைக் கண்டால் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வாள். அந்த ஒதுங்கலே எனக்குக் கள்ளத்தனமாகத் தெரிந்தது. அவள் சொம்பை எடுத்தால் பார்ப்பேன். கூடத்தைக் கூட்டினால் பார்ப்பேன். நெசவை விட்டுவிட்டுத் தறிக்குழியிலிருந்து எழுந்து எழுந்து வருவேன்.

"மீனுக்குக் காவல் இருக்கற நேரத்துல ரெண்டு முழம் துணி நெய்ஞ்சிருக்கலாமுங்க" என்று என் மனைவி குத்திக் காட்டினாள்.

ஒரு நாள் நடுப்பகலில் பிடித்தேவிட்டேன். குனிந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். சொம்பில் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். வெறும் கிணற்றுத் தண்ணீர்.

"பாகத்துல இருக்கற ஆத்திரத்த வாயில்லாத ஜீவன்மேல காட்டறதா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாளே தம்பி வேறு வீடு பார்க்கக் கிளம்பினான். போகட்டும் என்று இருந்துவிட்டேன். தொட்டியைப் பூஜை அறையில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டு, உப்புத் தண்ணீரை நானே ஊற்றினேன்.

ஒரு வாரத்தில் ஒரு மீன் செத்து மிதந்தது. மற்ற இரண்டும் சாய்ந்து சாய்ந்து நீந்தின. என்ன பாவம் செய்தேன் என்று சுவாமி படத்தின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது, நிலைப்படியிடம் சொல்வது போல.

"காஞ்சு போறது தண்ணி மட்டுந்தானுங்க. உப்பு எங்க போவும்? தொட்டியிலயேதான கெடக்குது? அதுமேல மறுக்கா மறுக்கா உப்புத்தண்ணிய ஊத்துனா மீனு என்னுங்க பண்ணும்? எங்கப்பன் சாயத் தொட்டியில சுண்டுனதுக்கு வெறுந்தண்ணிதானுங்க ஊத்துவாரு."

தொட்டித் தண்ணீரை நாக்கில் வைத்தேன். கரித்துக் குமட்டியது. ராமேசுவரத்தில் முங்கியபோது வாயில் பட்ட தண்ணீர் இப்படி இல்லை.

வழக்கத்தை விட்டு முதன்முதலாக நேரே கேட்டேன்: "எவ்வளவு ஊத்தட்டும், அம்மிணி?"

"தெனமும் ஒரு சொம்பு உப்புத்தண்ணிய மொண்டு எடுத்துட்டு, ஒரு சொம்பு வெறுந்தண்ணி ஊத்துங்க. ஒரேயடியா ஊத்தப்படாதுங்க. சாயத்துலயும் அப்பிடித்தான், அவசரப்பட்டா நூலுல திட்டுத் திட்டாப் புடிச்சுக்கும்."

அன்றே தம்பியைத் தேடிப் போய், தெருவில் வைத்தே மன்னிப்புக் கேட்டேன். அவன் வீடு மாறவில்லை. இரண்டு மீன்களும் தேறி, ஐப்பசி வரையில் இருந்தன.

இப்போதும் யார்மேலாவது சந்தேகம் எழும்போது, அவர் என்னிடம் வந்து பேசுவதற்கு நான் ஒரு வழி விட்டு வைத்திருக்கிறேனா என்றுதான் ஆண்டவன் முன்னால் முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.