அவள் படித்துப் பார்க்காத முதல் பதிவு

காலையில் திருப்பதியிலிருந்து அவள் மகள் போன். "பெரியம்மா, அம்மா போயிட்டாங்க... தூக்கத்துலயே."

என் சிநேகிதி. பக்கத்து வீடு, ஒரே வகுப்பு, பிறகு ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை.

இங்கே நான் போட்ட பதிவெல்லாம் முதலில் அவள் வாட்ஸப்புக்குத்தான் போகும். உடனே பதில் வரும். "இது நீ பேசற மாதிரியே இல்லடி. மறுபடி எழுது."

இந்த வம்பு இன்று நேற்று ஆரம்பித்ததல்ல...

ஆந்திரா தனி மாநிலமாகி, எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்று பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். பிச்சாட்டூரில் நாங்கள் படித்துக்கொண்டிருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்களோ என்று ஒரே பயம். விசாரிக்க வரும் ஆபீசருக்கு ஊரார் சார்பில் அர்ஜி எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

நானும் விடுவேனா... கன்னித்தமிழ், கண்ணின் மணி, உயிர்மூச்சு என்று இரண்டு பக்கம். படித்து எனக்கே கண் கலங்கியது.

அவளுக்குக் கலங்கவில்லை. "மைக் புட்ச்சிக்கினு கத்தற மாதிரி கீது. நம்ம ஊர்ல யாருடி இப்டி பேசறாங்க?"

எனக்கு வந்ததே கோபம். அவள் அதைக் கண்டுகொள்ளாமல் கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துப் போனாள். அங்கே தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த ஓர் அக்கா சொன்னதை அப்படியே எழுதினேன்.

"சந்தைக்குப் போனா தெலுங்கு பேசறோம். வூட்ல சண்டை போட்டா தமிழ்தான் வருது. புள்ளைங்க அதுலயே படிக்கட்டும்."

கொடுப்பதற்கு முன் அவள் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்துக்கொண்டு வந்தாள். அப்படிப் படித்தால்தான் தப்பு கண்ணில் படுமாம். முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எல்லாம் சரி. எந்த ஊருன்னே எழுதலியேடி."

விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் நைனா வந்து அதட்டியும் நிற்கவில்லை.

சண்டை வரியைப் படித்தபோது ஆபீசரும் சிரித்துவிட்டார். ஊர் ஆந்திராவிலேயே தங்கிவிட்டது... ஆனால் பள்ளிக்கூடத்தை மூடவில்லை. நாங்கள் டீச்சரானது அங்கேதான்.

போன வாரம் ஒரு பதிவை அனுப்பினேன். "இப்பதான்டி உன் குரல் கேக்குது. போடு" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு இத்தனை காலம் காக்க வைத்தாள், ராட்சசி. அன்றைக்கு முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

இதை யாருக்கு அனுப்புவது... நானே கடைசி வரியிலிருந்து மேலே படித்துப் பார்த்தேன்.

எல்லாம் சரி. உன் பெயரைத்தான் எழுதவே இல்லை.

சரோஜா. பிச்சாட்டூர் சரோஜா.

போய்ட்டு வாடி.