மூன்றாவது கை

ஐம்பத்திரண்டு வயசில் அத்தை மறுபடியும் பள்ளிக்கூடம் போக வேண்டியதாயிற்று. வேலை பார்க்கிற கடை அப்படி. நகல் எடுப்பது, லேமினேஷன், பாஸ்போர்ட் போட்டோ, அடையாள அட்டை எல்லாமே ஒரே அறைக்குள். பதினாலு வருஷமாக ஆட்களை ஸ்டூலில் உட்கார வைத்து, "தாடையை இறக்குங்க, சிரிக்காதீங்க" என்று மிரட்டிப் படம் எடுப்பவள் அவள்தான். பின்னணியை வெள்ளையாக மாற்றிக்கொடுத்த கம்ப்யூட்டர்காரர் வேலையை விட்டுப் போனதும் முதலாளி கூப்பிட்டார். "புது ஆளெல்லாம் போட முடியாதும்மா. ரெண்டு மாசம் கிளாஸ் போய்க் கத்துக்கிட்டு வாங்க. இல்லேன்னா கஷ்டம்." யாருக்குக் கஷ்டம் என்று அவர் விளக்கவில்லை.

அத்தை என்பது அவள் பெயரில்லை. தம்பி மகள் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தெருவே கூப்பிட ஆரம்பித்து, கடைக்கும் வந்துவிட்டது. வகுப்பில் சேர்ந்த மூன்றாம் நாள் அங்கேயும் அத்தைதான்.

வகுப்பு ஒரு மாடியில். ஏழு கம்ப்யூட்டர், ஒழுகுகிற ஏசி, அதன் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. முதல் வாரம் அத்தை செய்த கூத்து இன்னும் அங்கே பேச்சு. ஒரு தட்டுத் தட்டினால் ஒரே நிறத்தை மொத்தமாகப் பிடித்துக்கொள்ளும் ஒரு மந்திரக்கோல் உண்டு. வெள்ளைச் சுவர் முன்னால் வெள்ளைச் சட்டையோடு நின்ற ஆளின் படத்தில் அதைத் தட்டி, அழி என்று அழுத்திவிட்டாள். சுவரோடு சட்டையும் போய், தலையும் இரண்டு கையும் மட்டும் அந்தரத்தில் நின்றன. "அய்யய்யோ அத்தை, ஊரான் சட்டையை உருவிட்டீங்களே!" என்று பக்கத்து மேஜைத் தையற்கடைக்காரி கத்த, வாத்தியார்கூடச் சிரித்துவிட்டார். அத்தைக்கும் சிரிப்புதான்.

ஆனால் பிடிவாதக்காரி. சுருக்குக் கயிறு மாதிரி ஒரு கருவி இருக்கிறது. ஓரத்தில் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போய், ஆரம்பித்த இடத்தில் கொண்டுவந்து முடிக்க வேண்டும். காது, கழுத்து, பின்னல் என்று பொறுமையாகச் சுற்றி வந்தால், எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு கோடு ஓடும். அதில் அவள் கெட்டிக்காரியாகிவிட்டாள். அடுத்தது லேயர். "கண்ணாடித் தாளை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினாப்ல நினைச்சுக்குங்க" என்றார் வாத்தியார். "மேல இருக்கறது கீழ இருக்கறதை மறைக்கும், அவ்வளவுதான். ஓரத்துல ஒரு சின்னக் கண்ணு தெரியுதா? அதைத் தட்டினா அந்தத் தாள் மறையும், மறுபடி தட்டினா வரும். மறைச்சா போயிடாது. அங்கேயேதான் இருக்கும்."

இந்த இடத்தில் அவள் வீட்டுக் கதையையும் சொல்லிவிட வேண்டும். கல்யாணமாகிப் பதினெட்டே மாசத்தில் புருஷன் வீட்டை விட்டு வந்தவள். அடித்தான், வந்தாள். அதில் ரகசியமே கிடையாது. வந்து தம்பி வீட்டுப் பின்னறையில் தங்கினாள். தம்பியும் அவன் பெண்டாட்டியும் வேலைக்குப் போக, பிறந்த குழந்தை இவள் கையில் வளர்ந்தது. பல் முளைத்ததிலிருந்து பரீட்சை எழுதியது வரை இவள்தான். போன வருஷம்தான், வீடு இடிக்கிறோம் கட்டுகிறோம் என்று ஏதோ சொல்லி, அத்தையைக் கடைக்குப் பக்கத்தில் ஓர் ஒற்றை அறைக்கு அனுப்பினார்கள். புது வீடு கட்டி முடிந்தது. பின்னறையைத்தான் காணோம். அதற்கும் அத்தை வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் அந்தப் பெண் சின்ன வயசிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "எனக்குக் கல்யாணமானா நீங்க என்கூடத்தான் வந்துடணும் அத்தை." இப்போது கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. அத்தைக்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ஒரு வாக்குதான்.

நிச்சயத்துக்கு முன்னால் குடும்பமாக ஸ்டுடியோவில் ஒரு படம் எடுத்தார்கள். தம்பி, அவன் பெண்டாட்டி, நடுவில் பெண், ஓரத்தில் அத்தை. படம் பெரிசாகிப் புது வீட்டுக் கூடத்தில் ஏறியபோது அதில் மூன்று பேர்தான் இருந்தார்கள். "நீங்க கண்ணை மூடிட்டீங்க அண்ணி" என்றாள் தம்பி பெண்டாட்டி, வாய் கூசாமல். "அதான் நாங்க மட்டும் நின்னு எடுத்ததைப் போட்டோம்." சரி, ஆயிரம் பேரைக் கண்ணை மூடாதே என்று மிரட்டியவள் நாமே மூடிவிட்டோமே என்று அத்தை தன்னையே திட்டிக்கொண்டாள். பைத்தியக்காரி, நம்பினாள்!

"அடுத்த வகுப்புக்கு வீட்டுப் படம் ஒண்ணு கொண்டாங்க. போன்ல அனுப்புற குட்டிப் படம் ஆகாது, ஸ்டுடியோவுல கொடுத்த பைலே வேணும்" என்றார் வாத்தியார். அத்தை தம்பியைக் கேட்டாள். கடன்காரன் மாதிரி ஓடி ஒளிகிற ஆசாமி அன்றைக்கு மட்டும் உடனே கொடுத்தான். ஸ்டுடியோக்காரர்கள் கொடுத்த பென்டிரைவில் இரண்டு பைல் இருந்ததாம். "பெருசாப் பார்த்துப் போட்டிருக்கேன் அக்கா" என்றான். பெரிசு ஏன் பெரிசு என்று அவனுக்கு என்ன தெரியும்! அது லேயர்களை ஒட்டி முடிக்காமல் அப்படியே வைத்திருந்த வேலைப் பைல்.

வகுப்பில் அத்தை அதைத் திறந்தாள். மூன்று பேர் சிரித்துக்கொண்டு நின்றார்கள். வலது ஓரத்தில் மூன்று லேயர். மேலே 'கை', அதன் கீழே 'சுவர்', அடியில் பெயரில்லாமல் ஒன்று. கத்துக்கொண்ட ஆசையில் 'சுவர்' பக்கத்திலிருந்த கண்ணைத் தட்டினாள்.

அத்தை வந்து நின்றாள். ஓரத்தில், கரும்பச்சைப் புடவையில், கண் இரண்டும் நன்றாக விழித்தபடி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவர்கள் முழு மனுஷியைச் சுவரில் மறைத்திருக்கிறார்கள்.

"அத்தை, அந்தப் பொண்ணுக்கு மூணு கை!" என்று தையற்கடைக்காரி சிரித்தாள். உண்மைதான். எடுத்த படத்தில் பெண்ணின் வலது கை அத்தையின் தோளில் கிடந்தது. அத்தையை மறைத்தால் அந்தக் கை வெறுமனே சுவரில் தொங்கும் அல்லவா? அதனால் வேறொரு கையை எடுத்து, இடுப்போரம் இறங்குகிற மாதிரி ஒட்டியிருந்தார்கள். 'கை' என்கிற லேயர் அதுதான்.

அத்தை அந்தக் கையைப் பெரிசு பண்ணிப் பார்த்தாள். மணிக்கட்டில் சதுர முகம் வைத்த கடிகாரம், பழுப்புப் பட்டை. அவள் வாங்கிக் கொடுத்தது. பிறந்தநாளுக்கு. படம் எடுத்து மூன்று வாரம் கழித்து.

தம்பி பெண்டாட்டி செய்தாள் என்றால் வயிறு எரிந்திருக்கும், அவ்வளவுதான். அவள் குணம் தெரிந்ததே. தம்பி எப்போதுமே தலையாட்டி. ஆனால் கை தானாக நடந்து ஸ்டுடியோவுக்குப் போகாது. பெண் அதே துணியை உடுத்திக்கொண்டு, அத்தை கொடுத்த கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, இரண்டாம் தடவை போய் நின்றிருக்கிறாள். எதற்கு நிற்கிறோம் என்று தெரிந்தே நின்றிருக்கிறாள்.

மாடிப்படிக்கு வந்து போன் போட்டாள்.

"சொல்லுங்க அத்தை!"

"ஸ்டுடியோவுக்கு ரெண்டாம் தடவை போனியா கண்ணு?"

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அம்மாதான் அத்தை... மாப்பிள்ளை வீட்டுல ஒரு மாதிரி. புருஷனை விட்டு வந்தவங்க இருக்காங்கன்னு தெரிஞ்சா ஏதாவது சொல்வாங்கன்னு..."

"நீ என்ன சொன்னே?"

"நான் என்ன சொல்றது? ஒரு போட்டோதானே அத்தை. கல்யாணம் முடியட்டும், பழைய படத்தையே மாட்டிடலாம்."

"கல்யாணத்துக்கு நான் வரணுமா?"

"வாங்க அத்தை, வராம எப்படி? ஆனா..." கொஞ்சம் யோசித்துவிட்டு, பெண் ரொம்பப் பிரியமாகச் சொன்னாள். "யாராவது கேட்டா, வீட்டோட இருந்து என்னை வளர்த்த ஆயாம்மான்னு சொல்லிக்கலாம். அது பொய் இல்லையே."

அத்தை போனை வைத்துவிட்டாள். அழலாம் என்று பார்த்தாள், வரவில்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சொன்னவன் வாயில் மண்ணைப் போட!

உள்ளே போய் உட்கார்ந்தாள். படத்திலிருந்து ஓர் ஆளைச் சுற்றிப் பிடித்துப் புது லேயரில் தனியாக எடுப்பதுதான் அன்றைய பாடம். எல்லாரும் தங்கள் தங்கள் பிள்ளைகளைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அத்தை தன்னையே சுற்றினாள். தலைமுடி, காது, முந்தானை ஓரம், ஒரு புள்ளி பிசகவில்லை. புது லேயரில் எடுத்துக்கொண்டு, மற்ற எல்லாக் கண்ணையும் தட்டி மறைத்தாள். தம்பி போனான், அவன் பெண்டாட்டி போனாள், வளர்த்த பெண்ணும் போனாள்.

தோளில் மட்டும் ஐந்து விரல் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அத்தை ஒவ்வொரு விரலாகப் புள்ளி வைத்துச் சுற்றி, அழி என்று அழுத்தினாள். விரல்கள் போயின. அந்த இடத்தில் தோளும் இல்லை, புடவையும் இல்லை. ஒன்றுமே இல்லாத இடத்துக்குக் காட்டுகிற சாம்பலும் வெள்ளையுமான கட்டம் விரல் விரலாகத் தெரிந்தது.

வாத்தியார் வந்து எட்டிப் பார்த்தார். "பிரமாதமா வெட்டியிருக்கீங்களே! தோள்ல ஓட்டை விழுந்ததுக்குக் கவலைப்படாதீங்க. பக்கத்துத் துணியைக் கொண்டே நிரப்பிடலாம், அடுத்த வாரம் சொல்லித் தர்றேன்."

"வேணாம் சார்" என்றாள் அத்தை. "இப்படியே ஒரு பிரிண்ட் போடணும். அதை மட்டும் சொல்லிக் கொடுங்க."