மெஷினை நிறுத்தியவள்

வாரம் ஒரு நாள், கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் அரசுப் பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளோடு நாடகம் போடுவது என் வேலை. மேடை ஏற்றுவதற்காக அல்ல. வாய்விட்டுச் சொல்ல முடியாததைச் சில பிள்ளைகளால் நடித்துக் காட்ட முடியும், அதற்காக.

அந்த ஏழாம் வகுப்புப் பெண்ணை அவளுடைய வகுப்பு டீச்சர்தான் அழைத்து வந்தார். அப்பா இரும்புக் கம்பெனியில் வேலை பார்த்தவர். மெஷினில் வலது கை மாட்டி விரல்கள் போய்விட்டன. அன்றிலிருந்து இவள் பள்ளியில் வாய் திறப்பதில்லை. வீட்டிலும் அப்பா பக்கத்தில் போவதில்லையாம்.

நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. சில வாரங்கள் சுவரோரமாக உட்கார்ந்து மற்றவர்கள் நடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் பிள்ளைகள் தாங்களாகவே கம்பெனி விளையாட்டு வேண்டும் என்றார்கள். எல்லார் வீட்டிலும் யாராவது ஒருவர் ஷிப்டுக்குப் போகிறவர்தானே. சூப்பர்வைசர், கேன்டீன் அக்கா, வாட்ச்மேன் என்று ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டார்கள்.

"மெஷினு யாரு?" என்றாள் ஒருத்தி.

சுவரோரம் உட்கார்ந்திருந்த அவள் எழுந்து வந்து நடுவில் நின்றாள்.

வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு அருகில் போய், "ஓட்டறதும் நீதான், நிறுத்தறதும் நீதான்மா. எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம்," என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு கைகளையும் மேலும் கீழுமாக அடித்துக்கொண்டு, அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழுப்பினாள். தொழிலாளியாக நடித்த தோழி, கம்பி வைப்பதுபோல அந்தக் கைகளுக்கு நடுவே தன் கையை நீட்டினாள்.

மெஷின் சட்டென்று நின்றது.

"இன்னாடி, நின்னுட்ட?" என்றாள் தோழி.

"கைய எட்துக்கோ. மொதல்ல கைய எட்துக்கோடி!"

அத்தனை நாள் கழித்து நாங்கள் கேட்ட அவள் குரல் அதுதான். தோழி கையை இழுத்துக்கொண்டாள். இவள் அப்படியே தரையில் உட்கார்ந்து தேம்பினாள். தோழியும் பக்கத்தில் உட்கார்ந்து, தன் கையை அவள் மடியில் விரித்து வைத்தாள். "பாரு, ஒண்ணும் ஆவல."

பெல் அடித்தும் யாரும் எழுந்து ஓடவில்லை.

அடுத்த வாரம் அவளுடைய அம்மா பள்ளி வாசலில் எனக்காகக் காத்திருந்தார். "இப்போ தெனிக்கும் அழுவுது டீச்சர்," என்றார். நான் பயந்துபோனேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவங்க நைனா கைய புட்ச்சுக்கினு அழுவுது. அவரும் கூட சேர்ந்து அழுவறாரு. அழுவட்டும்."

வகுப்பில் பேச அவளுக்கு இன்னும் நாள் பிடித்தது. முதலில் அந்தத் தோழியிடம் மட்டும். பிறகு ஒரு நாள் கணக்கு டீச்சரிடம், போர்டில் எழுதியது தெரியவில்லை என்று.