நடுவில் இல்லாத டிரம்கள்

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

திருப்பதியில் சி.ஏ. படித்துக்கொண்டே ஓர் ஆடிட்டரிடம் பயிற்சியில் இருந்தேன். மார்ச் கடைசியில் சித்தூர் அருகே ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் சரக்கு எண்ண என்னை அனுப்பினார்கள். பக்கத்துக் குடிபாலா ஊர்க்காரர் ஒருவர் முந்தின நாள்தான் அந்தக் கிடங்குப் பொறுப்பை ஏற்றிருந்தார்.

"நேத்துதாம்மா சாவி கைக்கு வந்துது. உள்ள பூந்து ஒண்ணு வுடாம எண்ணிடும்மா. உன்ன நம்பித்தான் நானும் கையெழுத்து போடப் போறேன்," என்றார்.

கிடங்கு அனலாய்க் கொதித்தது. கூழ் அடைத்த டிரம்களை மூன்று அடுக்காக, சுவர்வரை நெருக்கி வைத்திருந்தார்கள். முன்வரிசையையும் பக்கவரிசையையும் மட்டும் எண்ணிப் பெருக்கினேன். ஏட்டோடு பொருந்தியது. 'ஒவ்வொன்றாக எண்ணினேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கீழே அவரும் போட்டார்.

ஜூனில் சரக்கை வெளியே எடுத்தபோது நடுவில் வெறும் தரை. நாற்பது டிரம்களைக் காணோம். அவை எப்போது போயின என்பதற்கு ஒரே சாட்சி என் தாள். அவர் பொறுப்பேற்றபோது எல்லாம் இருந்ததாக அது சொன்னது.

தொழிற்சாலை முதலாளியின் அறையில் அவர் என்னைத்தான் பார்த்தார். "உள்ள பூந்து எண்ணினியாம்மா? நெசத்த சொல்லு."

"எண்ணினேன்."

அவர் சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது எந்தக் கிடங்கிலும் கடைசி டிரம்வரை ஏறித் தட்டிப் பார்க்கிறேன். ஆடிட்டருக்கு வேண்டிய சந்தேகபுத்தி வந்துவிட்டது என்று பாராட்டுகிறார்கள். அந்தத் தாள் இன்னும் கோப்பில் இருக்கிறது, என் கையெழுத்துக்குக் கீழே அவருடையதோடு.