கையெழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி

எங்கள் நகராட்சி அலுவலகத்தில் கணக்குப் பிரிவுக்கும் வரி வசூல் பிரிவுக்கும் ஒரே அறைதான். நடுவில் ஓர் இரும்பு பீரோ. அதற்கு அந்தப் பக்கம் கணக்கு அக்கா, இந்தப் பக்கம் நான். பத்தொன்பது வருஷம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். பீரோ கதவு திறந்திருந்தால் அவர் முகம் தெரியாது, குரல் மட்டும் வரும். அந்தக் குரலில் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இதை யாரு நேர்ல பார்த்தது?"

எந்த பில் வந்தாலும் இதே கேள்வி. சாக்கடைக்கு மூடி போட்டதாக பில் வந்தால் மூடியைப் போய்ப் பார்ப்பார். இருபது நாற்காலி வாங்கியதாக வந்தால் இருபதையும் எண்ணுவார், ஒவ்வொன்றிலும் உட்கார்ந்தும் பார்ப்பார். ஒருமுறை மயானச் சுற்றுச்சுவரை டேப் வைத்து அளந்து, ஆறடி குறைகிறது என்று பில்லைத் திருப்பி அனுப்பினார். காண்டிராக்டர் தலையைச் சொறிந்துகொண்டு, உள்ளே இருப்பவர்கள் யாரும் புகார் செய்யப்போவதில்லையே என்று சொல்லிப் பார்த்தார். அவர்கள் சார்பில்தான் நான் வந்திருக்கிறேன் என்றாராம் அக்கா. ஆறடிச் சுவர் அடுத்த வாரம் எழும்பியது.

எல்லோருக்கும் எரிச்சல்தான். எனக்கும்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்? அவர் வெளியே கிளம்பினால் அவருடைய போன், அவரைத் தேடி வரும் ஆட்கள், அவர்களின் வசவு எல்லாம் என் தலையில் விழும். வெளியே போகிறவர்கள் எழுத வேண்டிய நடமாட்டப் பதிவேட்டில், போன நேரத்தையும் வந்த நேரத்தையும் நிமிஷக் கணக்கில் எழுதுகிற ஒரே ஆள் அவர்தான். நாங்களெல்லாம் டீக்கடைக்குப் போய்விட்டு 'களப்பணி' என்று எழுதுவோம்.

பழைய பில்களைக் கட்டுப் போடும்போதுதான் அந்தப் புள்ளியைக் கவனித்தேன். சில பில்களில் அவர் கையெழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி. சிலவற்றில் இல்லை. பேனா தவறிப் பட்டிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் நூறு பில்லில் ஒரே இடத்தில் பேனா தவறுமா? கேட்டேன். அவர் பீரோ கதவைச் சாத்திவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"புள்ளி இருந்தா நானே போய்ப் பார்த்ததுன்னு அர்த்தம் தம்பி. இல்லன்னா காகிதத்தை மட்டும் பார்த்துப் போட்டது. எல்லாத்தையும் போய்ப் பார்க்க முடியுமா? ஆனா எதைப் பார்த்தேன், எதைப் பார்க்கலன்னு எனக்காவது தெரியணும்ல?"

யாரிடமும் சொல்லாதே, கிண்டல் செய்வார்கள் என்றார். நான் யாரிடமும் சொல்லவில்லை. கிண்டலை நானே செய்துகொண்டேன். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதெல்லாம், நேரில் பார்த்துவிட்டேன் அக்கா, புள்ளி வைத்துவிடட்டுமா என்பேன். சிரிப்பார்.

அவர் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். கால் வீக்கத்தால் அதிகம் நடக்க மாட்டார். ஒரே மகள், வெளியூரில் விடுதியில் தங்கி மருந்தியல் படித்தாள். வீட்டுக்கு மேல் மாடி எழுப்ப நாலு தூண் போட்டு, கையில் பணம் தீர்ந்ததும் நிறுத்தியிருந்தார்கள். அக்கா ஓய்வு பெறும்போது மொத்தமாக வருகிற பணத்தில் அந்த மாடியைக் கட்டி, வாடகைக்கு விட்டு, அந்த வாடகையில் மகளின் படிப்பை முடிப்பது என்று திட்டம். எத்தனை செங்கல் வேண்டும் என்பதுவரை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். கணக்குக்காரி வீட்டுத் திட்டம் வேறு எப்படி இருக்கும்.

ஓய்வுக்கு நாலு மாதம் இருக்கும்போது ஆடிட் வந்தது.

இங்கே தண்ணீர் லாரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குழாயில் தண்ணீர் வராத தெருக்களுக்கு நகராட்சி லாரி போகும். ஒரு நடைக்கு ஒரு சீட்டு. எந்தத் தெரு, என்ன தேதி, என்ன நேரம் என்று எழுதி, கீழே டிரைவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சீட்டைக் காட்டித்தான் டீசல் வாங்க முடியும். விதிப்படி ஒவ்வொரு நடை முடிந்த பிறகும் கையெழுத்து. நடந்தது வேறு. ஈரக் கையோடு தொட்டால் சீட்டு கிழிந்துபோகிறது என்று, மாதம் பிறந்ததுமே டிரைவர் குடிநீர்ப் பிரிவுப் படிக்கட்டில் உட்கார்ந்து புத்தகம் முழுக்க வெற்றுச் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிடுவார். மற்றதைப் பிரிவு சூப்பர்வைசர் நிரப்பிக்கொள்வார். இது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய கணக்கில் ஆடிட்டர் கையை வைத்தார். வருஷக் கடைசி மாதம், ஒன்பதாம் தேதியிலிருந்து இருபத்தாறு வரை எண்பத்தாறு நடை. அதற்கெல்லாம் டீசல் வாங்கியாகிவிட்டது. அதே நாட்களில், பதினைந்து நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று மூன்று தெருக்காரர்கள் கொடுத்த மனுவும் கோப்பில் இருக்கிறது. தண்ணீர் எங்கே போனது?

டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். கியர் பாக்ஸ் போய், ஒன்பதாம் தேதி முதல் லாரி ஷெட்டில் கிடந்தது, நகரவே இல்லை என்றார். சூப்பர்வைசர் அசரவில்லை. இரண்டே நாளில் லாரி ரெடியாகிவிட்டது, அப்புறம் ஓடியது, டிரைவர்தான் தண்ணீரைக் கட்டட வேலைக்காரர்களுக்கு விற்றுத் தின்றிருக்கிறார், எல்லாச் சீட்டிலும் அவர் கையெழுத்துதானே இருக்கிறது என்றார். ஷெட் பதிவேட்டில் லாரி வெளியே போன தேதி மேல் எண்ணெய் கொட்டி ஒன்றும் தெரியவில்லை. மெக்கானிக் எப்போதோ வேலையை விட்டு ஊரை விட்டே போய்விட்டார். டிரைவரை சஸ்பெண்ட் செய்தார்கள். பதினைந்து நாளில் விசாரணை, அதற்குப் பிறகு வேலையும் போகும், போலீஸ் கேஸும் வரும் என்று பேச்சு. பள்ளிக்கூடம் போகும் மூன்று பிள்ளைகள் அந்த மனிதருக்கு. அலுவலக வாசலில் அவர் மனைவி நின்றிருந்ததைப் பார்த்து, நான் பின்வாசல் வழியாகப் போனேன்.

அந்த டீசல் பில்லைப் பாஸ் செய்தது அக்கா. அதில் பெரிய ஆபத்து இல்லை. டிரைவரும் சூப்பர்வைசரும் கையெழுத்துப் போட்ட பில்லைப் பாஸ் செய்தவருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வரும், அவ்வளவுதான். நானும் அப்படித்தான் நினைத்தேன், கோப்பைப் பிரித்துப் பார்க்கும்வரை.

டீசல் பில்லில் அக்கா கையெழுத்து. கீழே புள்ளி இல்லை. சரி. நாலு தாள் தள்ளி, லாரி ரிப்பேர் பில். அதிலும் அக்கா கையெழுத்து. கீழே புள்ளி.

லாரியை நேரில் போய்ப் பார்த்திருக்கிறார். நடமாட்டப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். இருபதாம் தேதி, பதினொன்று பத்து முதல் பன்னிரண்டு இருபத்தைந்து வரை, 'ஷெட், லாரியின் கழற்றிய கியர் பாக்ஸ் பார்க்க'. சக்கரம் இல்லாமல் மரக்கட்டை மேல் நின்ற லாரியைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்து, பதினோரு நாள் கழித்து, அதே இருபதாம் தேதி அது ஐந்து நடை ஓடியதாக எழுதிய பில்லில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

பதிவேட்டை மூடி அவர் மேஜைக்குப் போனேன். நேற்றே பார்த்துவிட்டேன் என்றார் அமைதியாக. எதிரே, ஆணையருக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதி முடித்து வைத்திருந்தார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உங்களை யாரு கேட்டாங்க அக்கா? யாருமே கேட்கல. நாலு மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்தா நல்லபடியா வீட்டுக்குப் போயிடலாம்."

"கேட்கலன்னா, அன்னைக்கு நின்ன வண்டி ஓடினதா ஆயிடுமா?"

"அப்போ ஏன் பாஸ் பண்ணீங்கன்னு உங்க கழுத்தைப் பிடிப்பாங்களே."

"பிடிக்கட்டும். வருஷக் கடைசி நாள், அஞ்சு மணிக்குள்ள அனுப்பலன்னா பணம் திரும்பிப் போயிடும்னு சூப்பர்வைசர் பக்கத்துலயே நின்னாரு. எண்பத்தாறு சீட்டையும் புரட்டித் தேதி பார்க்கச் சோம்பலா இருந்துச்சு. பார்க்காம போட்டேன். அதைத்தான் எழுதியிருக்கேன்."

சோம்பல் என்றா எழுதுவார் ஒருத்தர்? உடம்பு சரியில்லை என்றாவது எழுதுங்கள் என்று கெஞ்சினேன். அன்றைக்கு உடம்பு நன்றாகத்தானே இருந்தது என்றார். இப்படிப்பட்ட ஆளோடு என்ன பேசுவது? மாடி என்ன ஆகும் என்று கேட்டேன். பேனா மூடியைத் திருகித் திருகிக் கழற்றினார். மாமாவிடம் சொல்லியாகிவிட்டது என்றார் கடைசியில்.

விசாரணையில் ஆணையர் ஒரே ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாராம். இரண்டு வருஷம் கழித்துத் தேதி எப்படி இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறது? அக்கா புள்ளியைக் காட்டினார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆணையர் சிரிக்கவில்லை. புள்ளி வைத்த பழைய பில்களில் கைக்கு வந்தபடி முப்பதை எடுத்து, நடமாட்டப் பதிவேட்டோடு வைத்துப் பார்த்தார். முப்பதும் நிமிஷக் கணக்கில் பொருந்தின. அதன் பிறகு சூப்பர்வைசர் எவ்வளவு பூசி மெழுகியும் எடுபடவில்லை. நிற்கிற லாரிக்கு டீசல் எதற்கு? சீட்டை நிரப்பிய கை யாருடையது? அவர் வேலை போனது. டிரைவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

வெற்றுச் சீட்டில் கையெழுத்து வாங்கும் வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்று அக்கா சொன்னபோது, வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியும், நான் ஒத்துக்கொண்டேன், மற்றவர்களைப் பற்றி அவர்களிடமே கேளுங்கள் என்றாராம். எங்களைக் கேட்டார்கள். நான் வரிப் பிரிவு, அதைப் பற்றி எதுவும் தெரியாது என்று எழுதிக் கொடுத்தேன். எனக்கு இன்னும் பதினோரு வருஷம் சர்வீஸ் இருந்தது. இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

அக்காவின் கடைசி நாளன்று பென்ஷன் உத்தரவு வரவில்லை. பதினாலு மாதம் கழித்து வந்தது. மொத்தமாக வர வேண்டிய பணத்தில் பாதியை நகராட்சியின் நஷ்டத்துக்குப் பிடித்துக்கொண்டார்கள். மீதிப் பாதி அதற்குள் சேர்ந்திருந்த கடனுக்குப் போனது. அது போதாதென்று, ஐந்து வருஷத்துக்கு மாதாமாதம் பென்ஷனில் பத்தில் ஒரு பங்கு பிடித்தம். டிரைவர் அவர் வீட்டுக்குப் போய், ஒரு லாரித் தண்ணீராவது இறக்கிவிட்டுப் போகிறேன் என்று நின்றாராம். நகராட்சித் தண்ணீர் என் வாசலில் ஒரு சொட்டு விழக்கூடாது என்று விரட்டிவிட்டாராம் அக்கா.

அவர் நாற்காலிக்கு என்னை மாற்றினார்கள். மாதாமாதம் அந்தப் பிடித்தப் பட்டியலும் என் மேஜைக்குத்தான் வரும். கையெழுத்துப் போட்டுத் தள்ளுவேன். அவர் பெயர் இருக்கும் வரியைப் படிக்க மாட்டேன்.

போன வருஷம் உயிர்வாழ் சான்று நேரம் வந்தது. ஓய்வு பெற்றவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை நேரில் வந்து, தாங்கள் உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். அக்காவுக்கு மூட்டு வலி என்று கேள்விப்பட்டு போன் செய்தேன். வர வேண்டாம், உங்கள் குரலே கேட்டுவிட்டது, நானே போட்டு அனுப்பிவிடுகிறேன் என்றேன். மறுநாள் காலை பத்து மணிக்கு, இரண்டு பஸ் மாறி, படியேறி, மூச்சு வாங்க என் முன்னால் வந்து உட்கார்ந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர் படிவத்தை என் பக்கம் திருப்பினார். "மூணாவது வரியைப் படி" என்றார். 'இன்று என் முன் நேரில் தோன்றினார்.' கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

திரும்பப் பஸ்ஸில் அனுப்ப மனம் வராமல், என் ஸ்கூட்டரில் உட்கார வைத்து வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அவர் ஓய்வு பெற்ற மூன்று வருஷத்தில் நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை. வாசலில் இறங்கி நிமிர்ந்து பார்த்தேன். நாலு தூண். தூண்களின் தலையில் கம்பிகள் துருப்பிடித்து வளைந்திருந்தன. இரண்டு கம்பிக்கு நடுவே கயிறு கட்டி மாமாவின் சட்டை காய்ந்தது. மகள் படிப்பை ஒரு வருஷம் நிறுத்திவிட்டு மருந்துக் கடையில் வேலைக்குப் போகிறாளாம், அடுத்த வருஷம் சேர்த்துவிடுவோம் என்றார் மாமா.

வாசலில் செருப்பை மாட்டும்போது சொல்லிவிட்டேன். "அன்னைக்கு எனக்கும் தெரியும்னு எழுதிக் கொடுத்திருக்கணும் அக்கா. கொடுக்கல."

"தெரியும் தம்பி" என்றார். ஹெல்மெட்டை எடுத்துக் கையில் கொடுத்தார்.

மறுநாள் அந்த மாதத்துப் பிடித்தப் பட்டியல் மேஜைக்கு வந்தது. அவர் பெயர் ஏழாவது வரியில் இருந்தது. முழுவதும் படித்தேன். கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே ஒரு புள்ளி வைத்தேன்.